சல்லியில் தோற்காத குளிசை

மலேரியாக் கந்தோரில் புதிதாகக் கால்வைத்திருக்கும் தம்பி தங்கைகளே,

உங்கள் பயிற்சி முடிகிற நாளில் நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதானதும் ஒருவனை அரசாங்கம் வீட்டுக்கு அனுப்புவது, அவனிடம் இனிக் கேட்டறிய ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான். ஆகவே இந்த அழைப்பு எங்கோ ஒரு லிகிதரின் கைப்பிழையாக இருக்கவேண்டும். அதை அவர்கள் கண்டுபிடிக்குமுன் சொல்லி முடித்துவிடப் பார்க்கிறேன்.

முதலில் என் தகுதி. இலங்கையில் மலேரியா ஏறக்குறைய ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்த காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நான் சேர்ந்து சில வருடங்களில் அது முன்பைவிடக் கோபமாகத் திரும்பி வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று என் மேலதிகாரிகள் கடைசிவரை பெருந்தன்மையாக நம்பினார்கள். பிறகு நுளம்புகள் நாங்கள் வீடுகளில் தெளித்த டி.டி.ரி.யைச் சகித்துக்கொள்ளப் பழகின. நாங்கள் மலத்தியனுக்கு மாறினோம். அதன் நாற்றத்தை நுளம்புகள் சகித்தனவோ தெரியாது, வீட்டுக்காரர் சகிக்கவில்லை. திருகோணமலை மாவட்டத்தில் எந்த வீட்டு முற்றத்தில் நான் சைக்கிளை நிறுத்தினாலும் யன்னல்கள் சாத்தப்படும் சத்தம் கேட்கும்.

நுளம்பு போனால் போகட்டும், எங்களிடம் குளோரோகுயின் இருந்தது. வெள்ளைக் குளிசை, கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. மூன்று நாளில் பத்துக் குளிசை போட்டால் ஆளைக் கொல்லும் மலேரியாகூட அடங்கிவிடும். ஆனால் வெளிநாடுகளில் சில இடங்களில் ஒட்டுண்ணி அந்தக் குளிசைக்கும் பழகிவிட்டது என்று நாங்கள் சஞ்சிகைகளில் படித்துக்கொண்டிருந்தோம். இங்கே அது எப்போது வரும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. வந்தால் முதலில் அதைக் கண்டவன் யார் என்ற ஆசை சிலருக்கு இருந்தது. அந்தச் சிலரில் நானும் ஒருவன். பயமும் ஆசையும் ஒரே பக்கம் இழுக்கும்போது மனிதன் எவ்வளவு வேகமாக முடிவுக்கு வருகிறான் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

சல்லி உங்களுக்குத் தெரியும். நகரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்தபடி கிடக்கிற மீன்பிடி ஊர். மழை ஓய்ந்ததும் ஓடைவாய் மணலால் அடைபட்டு, உள்ளே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்த வருடம் அங்கே காய்ச்சல் வந்தது. வந்ததில் புதுமை இல்லை. எங்கள் உதவியாளர் வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்தார், காய்ச்சல்காரருக்குக் குளிசைப் பொட்டலம் கொடுத்தார், காய்ச்சல் விட்டது. கொஞ்ச நாளில் அதே ஆட்களுக்குத் திரும்பவும் வந்தது. மறுபடியும் குளிசை. மறுபடியும் விட்டது. மறுபடியும் வந்தது.

எங்கள் கந்தோரில் நுணுக்குக்காட்டி பார்ப்பவர் ரசூல். கிண்ணியா ஆள். தேவையில்லாமல் பேசமாட்டார், தேவைப்பட்டாலும் யோசித்துத்தான் பேசுவார். அன்று தானாகவே என் மேசைக்கு வந்தார்.

"சேர், சல்லி இரத்தக் கண்ணாடியளக் கொஞ்சம் வந்து பாருங்க."

பார்த்தேன். மலேரியாவில் ஒருவகை, போய்ப் போய்த் திரும்பி வருவதையே குணமாகக் கொண்டது. இது அந்த வகை இல்லை. மற்றது, ஆளைக் கொல்லக்கூடியது, ஆனால் குளிசைக்குப் பணிந்து போகவேண்டியது. பணிய மறுத்துக்கொண்டு மெல்லிய மோதிரங்களாகக் கண்ணுக்குள் நின்றது.

"வந்திட்டுது எண்டு நினைக்கிறீரோ, ரசூல்?"

"நான் ஒண்டும் நினைக்கல்ல, சேர். பாக்கச் சொன்ன நான், அவ்வளவுதான்."

நான் நினைத்தேன். கொழும்புக்கு அறிவித்தேன். அறிவித்த கையோடு, ஆராய்ச்சியும் செய்யவேண்டும் என்று சல்லிக்குப் போய் மாலை வேளைகளில் கரையோரம் உட்கார்ந்தேன். நுளம்பு பிடிப்பதற்கு அந்நாளில் இருந்த முறை உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்: காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு, காலை நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். நுளம்பு வந்து உட்காரும். கடிக்குமுன் கண்ணாடிக் குழாயால் அதை உறிஞ்சி எடுக்கவேண்டும். கடிக்குமுன் என்பது கையேட்டில் உள்ள சொல். நுளம்புகள் கையேடு படிப்பதில்லை. வாரந்தோறும் நாங்கள் போடவேண்டிய தடுப்புக் குளிசையை நான் கசப்புக்குப் பயந்து மேசை லாச்சிக்குள் சேமித்துவந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது பிறகு தேவைப்படும்.

கரையில் கரைவலை இழுக்கிறவர்கள் வேலை முடிந்து என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். வலைக்குச் சொந்தக்காரர் வேலாயுதர், எல்லோரும் சம்மாட்டியார் என்று அழைக்கும் மனிதர். கறுத்து உயர்ந்த உருவம், குரல் அலையைத் தாண்டிக் கேட்கும்.

"ஐயா, உங்கட காலைப் பாத்தா நுளம்புக்கே பாவமா இருக்கும். கொஞ்சம் சதை உள்ள ஆளைக் கந்தோராலை அனுப்பேலாதோ?"

"சதை உள்ள ஆக்கள் கொழும்பிலை இருக்கினம், சம்மாட்டியார்."

"அப்ப நுளம்பு அங்கை போயிருக்கும்."

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வலை இழுக்கிறவர்களில் பாதிப்பேரின் கண்கள் மஞ்சள் பூத்திருந்தன. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் தவராசா என்று ஓர் இளைஞன். அவனுடைய மனைவி செல்வமலர் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் அப்போது மூன்றாவது தடவை வந்திருந்தது. முகத்தில் இரத்தமே இல்லை. வயிற்றுக்குள் பிள்ளை இருக்கும்போது இந்த மலேரியா எப்படித் தாயையும் பிள்ளையையும் சேர்த்து எடுக்கும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். நான் பார்த்திருந்தேன். அவளை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கொழும்பிலிருந்து பெரிய டொக்டர் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் காற்சட்டை, மருந்துகளைப்பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கந்தோரில் கூட்டம் போட்டார். குளோரோகுயின் தோற்றுவிட்டது என்று அறிவித்தால் கொழும்பிலிருந்து புது மருந்து வரும். அதைச் சல்லி முழுவதற்கும் கொடுக்கலாம். ஆனால் அதுதான் கையிலிருந்த கடைசி ஆயுதம். தேவையில்லாமல் ஊர் முழுக்க வீசினால் ஒட்டுண்ணி அதற்கும் பழகிவிடும். செல்வமலருக்கோ அந்தப் புது மருந்து ஆகாது. நிறைமாதத்தில் அதைக் கொடுப்பதில்லை. குயினைன் ஏற்றலாம். குயினைன் ஏற்றினால் வலி முன்கூட்டியே வந்துவிடலாம் என்று அந்நாளில் டொக்டர்மார் பயந்தார்கள். அவள் இருந்த நிலையில் ஒரு பிரசவத்தை அவளுடைய உடம்பு தாங்காது. ஆகவே ஊரின் கேள்வியும் அவளுடைய கேள்வியும் ஒன்றுதான்: பழைய குளிசை இன்னும் வேலை செய்கிறதா, இல்லையா?

"உம்முடைய அபிப்பிராயம் என்ன?" என்று டொக்டர் என்னைக் கேட்டார்.

நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. என் கதிரையைப் பிடித்தேன், கதிரையும் சேர்ந்து ஆடியது. மேலதிகாரிக்குப் பயந்து இப்படி நடுங்கும் ஓர் உத்தியோகத்தரை அவர் அதுவரை கண்டதில்லையாம், பிறகு சொன்னார். ரசூல்தான் வந்து என் நெற்றியில் கை வைத்தார்.

"பயம் இல்ல, டொக்டர். காய்ச்சல்."

என் விரலிலிருந்து எடுத்த இரத்தத்தை நானே நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். நடுக்கத்தில் கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை, இருந்தும் தெரிந்தது. மோதிரங்கள். சல்லியின் அதே மோதிரங்கள். மலேரியா ஒழிப்புக்குச் சம்பளம் வாங்கும் இரத்தத்துக்குள் மிகவும் செழிப்பாக இருந்தன.

இங்கேதான், தம்பி தங்கைகளே, காய்ச்சல் ஏறிய மண்டையில் எனக்கு என் சேவைக்காலத்தின் ஒரே நல்ல யோசனை வந்தது. சுகமாக இருந்தபோது அப்படி ஒன்று வந்ததில்லை. லிங்கநகரில் என் வீட்டில் நான் வலைக்குள் படுப்பவன். என்னை நுளம்பு கடித்தது சல்லிக் கரையில்தான். அப்படியானால் எனக்குள் இருப்பது சல்லியின் ஒட்டுண்ணி. சல்லிக்குப் போன குளிசை எங்கள் கந்தோர் அலுமாரியில் அதே தகரப்பேணியில் மிச்சம் இருக்கிறது. இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட ஓர் இடம்தான் வேண்டும். இடம் தயாராக, கதிரையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"சேர், எனக்குப் புது மருந்து வேண்டாம். அந்தப் பேணியிலை இருக்கிற பழசையே தாருங்கோ."

"என்ன காணும், பகிடி விடுறீரோ? அது வேலை செய்யேல்லை எண்டு நீர்தானே எழுதினீர்? செத்துப்போவீர்!"

"செத்தா உங்களுக்கு உறுதியான சான்று கிடைக்கும், சேர்."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு பேணியைத் தானே திறந்து எண்ணிக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் ரசூல் இரத்தம் எடுக்கவேண்டும், நிலைமை மோசமானால் என் அனுமதி கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டும் என்பது நிபந்தனை.

வீட்டில் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். போர்வைக்கு மேல் போர்வை போட்டாள்.

"மற்ற ஆம்பிளையள் கந்தோராலை கடதாசி, பென்சில் ஏதும் கொண்டு வருவினம். நீங்கள் மலேரியாவைக் கொண்டு வந்திருக்கிறியள்."

"ஆராய்ச்சி..."

"ஆராய்ச்சியை விழுங்குங்கோ முதல். விழுங்கினீங்களோ? வாயைத் திறவுங்கோ பாப்பம். நாக்கைத் தூக்குங்கோ. உங்கட லாச்சிக்கை கிடக்கிற குளிசையளை நான் பாத்தனான்."

அந்த மூன்று நாளும் அவளுடைய கண்களுக்கு முன்னால் வாயைத் திறந்து காட்டாமல் எனக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. காய்ச்சல் முதலில் ஏறியது. சுவரில் இருந்த பல்லியோடு அரசியல் பேசினேன் என்று கேள்வி. பிறகு இறங்கியது. ரசூல் தினமும் வந்து குத்திவிட்டுப் போவார், முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் குத்தாமல் வாசலில் நின்றார்.

"என்ன ரசூல்?"

"நேத்தையான் கண்ணாடியில ஒண்டும் இல்ல, சேர். ரெண்டு தரம் பாத்தன். பிறகு டொக்டரும் பாத்தார். ஒண்டும் இல்ல."

அவர் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

எழுந்து நடக்க முடிந்ததும் டொக்டரிடம் போனேன். அவர் நியாயமான மனிதர். நியாயமான மனிதரோடு வாதாடுவதுதான் மிகவும் கஷ்டம்.

"உமக்குச் சுகம் வந்தது சந்தோஷம். ஆனா ஒரு ஆளை வைச்சு ஊருக்கு முடிவெடுக்கேலாது. அங்கை அத்தனை பேருக்கு ஏன் கேக்கேல்லை? அதுக்கு மறுமொழி சொல்லும். இல்லாட்டி நேத்துத்தான் வார்டுக்கு வந்து சேந்த செல்வமலருக்கு நாளைக்குக் குயினைன் ஏத்தத்தான் வேணும். புது மருந்துப் பெட்டியும் வழியிலை வருது."

அவர் சொன்னது சரி என்பதுதான் பெரிய தொந்தரவு. இரவு பகலாக யோசித்திருந்தால் விடை கிடைத்திருக்குமோ என்னவோ, என் மனைவி யோசிக்க விடவில்லை. நான் பல்லியோடு பேசிய நாளில் அவள் சல்லி அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். ஊரை மலேரியாவிலிருந்து காப்பாற்றும் உத்தியோகத்தரைக் காப்பாற்ற அந்த ஊர் அம்மனே வரவேண்டியிருந்தது. எழுந்து நின்றதும் முதல் வேலையாக நேர்த்தியை முடிக்கவேண்டும் என்றாள். சல்லி முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனோம்.

அர்ச்சனை முடிந்து பூசாரியார் தட்டை நீட்டினார். திருநீறு, குங்குமம், உதிரிப் பூ. அருகே ஒரு சின்ன வெண்கலச் செம்பில், வந்த காணிக்கைகளோடு சேர்ந்து, வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. என் கண் அங்கே நின்றுவிட்டது. இருபது வருடம் தினமும் கையாண்ட பொருளை மனிதன் மறக்கமாட்டான்.

"பூசாரியார், இது என்ன?"

"இதோ? காய்ச்சல் குளிசை ஐயா. உங்கட ஆக்கள் குடுத்ததுதான். அம்மன்ட பங்கு."

"அம்மனுக்குக் காய்ச்சலோ?"

"சிவ சிவா! என்ன கதை கதைக்கிறியள்? கரைக்கு வாற எதிலையும் முதற் பங்கு அம்மனுக்குத்தானே?"

மனைவியைக் கோயிலிலேயே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது; மணலில் தள்ளாடினேன். சம்மாட்டியார், வலை வைக்கும் ஓலைக் கொட்டிலான வாடிக்கு முன்னால் நின்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மணலில் மீன் சின்னச் சின்னக் குவியல்களாகக் கிடந்தது: அம்மனுக்கு, வலைக்கு, தோணிக்கு, கயிறு இழுத்த ஒவ்வொருவனுக்கும். ஒரு குவியலிலிருந்து ஒரு மீனை எடுத்து இன்னொன்றில் வைத்து, பின்னால் நின்று கண்ணால் நிறுத்துப் பார்த்தார். நீதிபதிகள் தீர்ப்பு எழுதும்போது அவ்வளவு கவனம் எடுப்பார்களா தெரியாது.

"சம்மாட்டியார், நாங்கள் தந்த குளிசையை என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? போட்டனாங்கள்."

"எப்பிடி?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எப்பிடியெண்டா? பொட்டலம் வரும். எல்லாத்தையும் வாடிக்குக் கொண்டுவந்து ஒண்டாப் போடுவம். அம்மனுக்கு எடுத்து வைச்சிட்டு, மிச்சத்தை ஆளுக்கு ஒண்டு. காய்ச்சல் எல்லாருக்கும் வருது தானே ஐயா? ஒருத்தன் பத்தைத் திண்டிட்டு மற்றவன் நடுங்கிக்கொண்டு நிக்கிறதோ? அப்பிடி இந்தக் கரையிலை நடக்காது."

"எங்கட உதவியாளர் உங்களைப் போடச் சொல்லிப் பாத்துக்கொண்டு நிக்கேல்லையோ?"

"சாப்பிட்டிட்டுப் போடச் சொல்லி நீங்கள்தானே சொன்னனீங்கள். சாப்பிடக்கை போடுறம் எண்டு சொல்லுவம், தம்பி போயிடுவார்."

நான் மணலில் உட்கார்ந்தேன். ஒரு குளிசை காய்ச்சலைக் கொஞ்சம் அடக்கும். ஒட்டுண்ணி சாகாது, தலையில் ஒரு குட்டு வாங்கி, அடுத்த முறை எப்படித் தப்புவது என்று படித்துக்கொண்டு திரும்பி வரும். நாங்கள் சல்லியில் ஒட்டுண்ணிக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தோம். அது இன்னும் பரீட்சையில் சித்தியடையவில்லை. நாலு நாள் போனால் அடைந்துவிடும்.

"செல்வமலருக்கு?" என்றேன். "அவளுக்கு எத்தனை குடுத்தனீங்கள்?"

சம்மாட்டியார் நிமிர்ந்தார். அந்தக் குரலில் பெருமை இருந்தது. "அவவுக்கு ரெண்டு பங்கு, ஐயா. வயித்திலை இருக்கிற பிள்ளைக்கும் சேத்து. ஒரு ஆள் மறுத்துக் கதைக்கேல்லை."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. காய்ச்சலில் நடுங்கும் ஆட்கள், ஒவ்வொருவனும் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு, பிறக்காத பிள்ளைக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் இந்த நாட்டில் கண்ட மிக நேர்மையான பகிர்வு அது. அந்த நேர்மையால் அவள் செத்துக்கொண்டிருந்தாள்.

கந்தோர் ஜீப் வழமைபோலத் திருத்தத்தில் இருந்தது. சம்மாட்டியார் ஒரு சைக்கிளை இழுத்து வந்தார், "ஏறுங்கோ" என்றார். மலேரியாப் பகுதிப் பொறுப்பதிகாரி, மீன் மணக்கும் சைக்கிளின் முன் தண்டில் குந்திக்கொண்டு உப்புவெளி வீதியால் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் நகரத்தில் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியில் செல்வமலரின் கட்டிலுக்குப் பக்கத்தில் குயினைன் போத்தல் தொங்கவிடப்பட்டிருந்தது. ஊசி இன்னும் ஏறவில்லை. டொக்டர் நின்றார், பக்கத்தில் தாதி மிஸி நின்றார், காலடியில் தவராசா சாரத்தைப் பிடித்தபடி நின்றான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். நம்பமுடியாத கதை கேட்பவரின் தோரணையில் டொக்டர் கேட்டார். பிறகு கட்டிலுக்குக் குனிந்தார்.

"பிள்ளை, இந்த முறை காய்ச்சலுக்கு எத்தனை குளிசை போட்டனீர்?"

செல்வமலர் கண்ணைத் திறந்தாள். பங்குக்கு மேலே எடுத்துவிட்டாள் என்று யாரோ முறைப்பாடு செய்ததாக நினைத்துவிட்டாள் போலும்.

"ரெண்டு, டொக்டர். அவையாத்தான் தந்தவை. நான் கேக்கேல்லை."

டொக்டர் என்னைப் பார்த்தார்.

"இவவுக்கு முழுக் கணக்கையும் குடுத்துப் பாக்கச் சொல்லுறீர். நீர் பிழையெண்டா எங்களுக்குக் குயினைன் ஏத்துற நேரமும் போயிடும்."

"ஓம், சேர்."

"பிழையெண்டா ரெண்டு உயிர்."

"ஓம், சேர். சரியெண்டாலும் ரெண்டு உயிர்தான்."

என் வாழ்க்கையில் இவ்வளவு துணிச்சலாக ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை. சொல்லும்போது கட்டிலைப் பிடித்திருந்தேன். அப்போது எனக்குக் காய்ச்சல் இல்லை.

டொக்டர் போத்தலை விட்டுக் கையை எடுத்தார். "நாளைக்குள்ளை காய்ச்சல் இறங்காட்டி நான் ஒருத்தரையும் கேக்கமாட்டன்" என்றார். மிஸி குளிசை கொண்டுவந்தார். என் மனைவியின் முறை எனக்கு ஞாபகம் வந்தது.

"விழுங்கினதும் வாயைத் திறக்கச் சொல்லுங்கோ, மிஸி. நாக்கையும் தூக்கச் சொல்லுங்கோ."

"அதென்ன முறை?" என்றார் டொக்டர்.

"லிங்கநகர் முறை, சேர்."

மறுநாள் நான் வார்டுக்குள் போகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் சம்மாட்டியாரும் தவராசாவும் நானும் நின்றோம். சம்மாட்டியார் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அம்மனோடு பங்கைப்பற்றிப் பேசியிருக்கலாம். டொக்டர் வெளியே வந்தார். வெப்பமானியைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். என் முகத்துக்கு நேரே நீட்டினார். மூக்குக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தபடியால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்ன, சேர்?"

"இறங்கியிட்டுது, காணும்! கஞ்சி கேக்கிறா!"

தவராசா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். சம்மாட்டியார் டொக்டரைக் கட்டிப்பிடித்தார். அந்த வெள்ளைக் காற்சட்டைக்கு அதோடு சரி.

ஆனால் ஊர் பாக்கி. "இனிப் பங்கு போடாதேங்கோ" என்று உத்தரவு போட்டுவிட்டு வரலாம். தலையாட்டிவிட்டுப் பங்கு போடுவார்கள். அவர்களுக்கு அது நியாயம். நியாயமான காரியத்தை அரசாங்கம் நிறுத்தச் சொன்னால் எந்த மனிதன் நிறுத்துவான்? டொக்டரையும் ரசூலையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். பூசாரியார் உட்பட எல்லோரும் கூடினார்கள்.

"நாங்கள் பங்கு போட்டது பிழையோ ஐயா?" என்று சம்மாட்டியார் நேராகவே கேட்டார்.

வாடிக்குப் பக்கத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைக் காட்டினேன்.

"சம்மாட்டியார், இந்த வலையிலை எத்தனை பேருக்குப் பங்கு கிடக்கு?"

"இஞ்சை நிக்கிற எல்லாருக்கும்தான்."

"அப்ப வெட்டிப் பங்கு போடுங்கோவன். ஆளுக்கு ஒரு துண்டு. அம்மனுக்கும் ஒரு துண்டு."

ஒருவன் சிரித்தான். சம்மாட்டியார் சிரிக்கவில்லை.

"வலையை வெட்டினா மீன் பிடிக்கேலாதே?"

"இந்தப் பத்துக் குளிசையும் ஒரு வலை. வெட்டினா காய்ச்சல் பிடிபடாது. மீன் எண்டு நினைச்சுப் பங்கு போட்டியள். இது மீன் இல்லை."

சம்மாட்டியார் வலையின் கண்ணொன்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு தன் ஆட்களின் பக்கம் திரும்பினார். "விளங்கிச்சுதோ? ஆளுக்கு ஒரு முழு வலை. ஆரும் வெட்டினா அவனுக்கு இந்தக் கரையிலை கயிறு இல்லை."

"அம்மன்ட பங்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இந்தப் பிரிவில் எனக்குப் பயிற்சி தரப்படவில்லை. பூசாரியார்தான் தொண்டையைக் கனைத்தார். "அம்மனுக்கு மீன் போதும். குளிசையை நான் கதைச்சுக்கொள்ளுறன்."

மூன்று நாளும், வலை இழுத்து, சோறு தின்று, பங்கு போடுமுன் கரையில் வரிசை நின்றது. முதலில் சம்மாட்டியார். டொக்டர் தானே கொடுத்தார். ரசூல் தண்ணீர்ச் செம்பு நீட்டினார். நான் வாய்களுக்குள் எட்டிப் பார்த்தேன். வெற்றிலை போடும் ஐம்பது வாய்களுக்குள் எட்டிப் பார்த்தவனுக்கு உலகத்தைப்பற்றி ஒரு தனி அறிவு வந்துவிடுகிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டு வாசலில் அதே சடங்கு. அதை நடத்தியவள் என் மனைவி. அவளை ஏமாற்ற சல்லியில் ஒரு நாக்குக்கும் முடியவில்லை.

பிறகு ரசூல் ஊர் முழுவதும் குத்தினார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தார். கடைசிக் கண்ணாடியை ஒதுக்கியபிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்: "சேர், எனக்கு வேலை இல்ல." எங்கள் கந்தோரில் அதைவிட நல்ல வார்த்தை அதற்கு முன்னும் பின்னும் பேசப்படவில்லை. கொழும்பிலிருந்து வந்த புது மருந்துப் பெட்டி, கட்டிய கயிறு அவிழ்க்காமலே திரும்பிப் போனது. அதை லொறியில் ஏற்றும்போது நான் கை காட்டினேன். அது எனக்குப் பெரிய வெற்றி. அந்த மருந்து உங்கள் காலத்துக்குக் கூர் மழுங்காமல் கிடக்கிறது.

ஏனென்றால் அது வரும், தம்பி தங்கைகளே. ஒருநாள் உண்மையாகவே குளிசைக்கு அடங்காத ஒட்டுண்ணி உங்கள் கண்ணாடியில் வந்து நிற்கும். அன்றைக்குத் தயங்காதீர்கள், உரக்கச் சொல்லுங்கள், பெட்டியைத் திறவுங்கள். ஆனால் அதற்கு முதல்நாள், குளிசை நம் கையிலிருந்து அவருடைய வயிற்றுக்குப் போகும் வழியை ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். அந்த வழியில் கெட்டவர்கள் யாரும் நிற்கமாட்டார்கள். மிக நல்லவர்கள் நிற்பார்கள்.

செல்வமலருக்குப் பெண்பிள்ளை பிறந்தது, உரிய மாதத்தில், உரத்த குரலோடு. பிரசவத் துடக்குக் கழித்த பிறகு ஒருநாள் டொக்டர் கொழும்பிலிருந்து வந்திருந்தபோது இருவரும் சல்லிக்குப் போனோம். நல்ல பாடு, வலை நிறைய மீன். சம்மாட்டியார் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்: அம்மனுக்கு, வலைக்கு, தோணிக்கு, ஆட்களுக்கு. தவராசாவின் குவியலுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று வைத்தார். வயிற்றுக்குள் இருந்தபோது கிடைத்த பங்கை வெளியே வந்தபிறகு நிறுத்துவது முறையில்லையாம். அதற்குப் பக்கத்தில் மற்றொரு குவியல். அதன்மேல் ஒரு பெரிய பாரை மீனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது உங்கட."

அரசாங்க ஊழியன் பொதுமக்களிடம் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்ற விதியை நான் எடுத்துச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், பக்கத்தில் மேலதிகாரி நின்றாரே. சம்மாட்டியார் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"அன்பளிப்பு இல்லை. பங்கு. எங்கட காய்ச்சலிலை பங்கு எடுத்தனீங்கள். மீனிலை எடுக்க ஏலாதோ?"

நான் டொக்டரைப் பார்த்தேன். டொக்டர் கடலைப் பார்த்தார். இதற்கான விதி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மீனை வாங்கிச் சைக்கிளில் கட்டினேன். வால் தரையில் இழுபட, ஊர் முழுக்கப் பார்க்க, லிங்கநகருக்கு உருட்டிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குக் கொழும்பு ரயிலை டொக்டர் விட்டுவிட்டார். குழம்பு நன்றாக இருந்தது. முழுவதையும் நாங்களே சாப்பிட்டோம் என்று நினைக்காதீர்கள். வாசலில் சைக்கிளை நிறுத்தியதுமே என் மனைவி ரசூலுக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.